விடிய விடிய ஒரு மௌனம்

ராபர்ட் வில்சனுக்குச் சின்ன வயதில் வாய் திக்கும். அப்பா வக்கீல். பேச்சை நம்பிப் பிழைக்கிற வீட்டில் பேச்சு வராத பிள்ளை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வேக்கோ நகரில், பெற்றோர் அவரை எங்கெங்கோ அழைத்துப்போய்க் காட்டினார்கள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் 17 வயதில் பைர்ட் ஹாஃப்மன் என்ற வயதான நடன ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாள் நாக்கைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்த்தார். தோளிலும் கழுத்திலும் இறுகிக் கிடந்த பதற்றத்தைப் பார்த்தார். அவசரப்படாதே, வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள் என்றார். சிகிச்சை அவ்வளவுதான். சில மாதங்களில் திக்கல் ஏறக்குறைய நின்றுபோனது.

வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார் வில்சன். ஏழு மணி நேர நாடகம், பன்னிரண்டு மணி நேர நாடகம், ஏழு பகலும் ஏழு இரவும் ஓயாமல் நடந்த நாடகம். 2025 ஜூலை 31 அன்று 83 வயதில் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் இயக்குநர், ஓவியர், ஒளி அமைப்பாளர், நாற்காலி வடிவமைப்பாளர், சிற்பி, ஓப்பரா மேதை என்று ஆளுக்கொரு பட்டம் சூட்டின. எல்லாமே உண்மைதான். ஆனால் 'பல கலைகளையும் கலந்தவர்' என்று சொல்லும்போது அது ஏதோ கொள்கைப் பிடிப்பால் செய்த காரியம் போலத் தொனிக்கிறது. வார்த்தை கைவிட்டவர்களோடு வாழ்ந்ததால் அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று என்பதுதான் என் கட்சி.

வேக்கோ கட்டுப்பெட்டியான பாப்டிஸ்ட் கிறிஸ்தவ ஊர். நாடகம் பார்ப்பதே பாவம் என்று நம்பிய சூழல். பையன் முதலில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தான், முடிக்கவில்லை. நியூயார்க்குக்கு ஓடி, புரூக்ளினில் உள்ள ப்ராட் இன்ஸ்டிடியூட்டில் கட்டடக்கலை படித்தான். அங்கே சிபில் மொஹோலி-நாகி என்ற ஆசிரியை ஒருநாள் வகுப்பில், மூன்று நிமிடத்தில் ஒரு நகரத்தை வடிவமைத்துக் காட்டுங்கள் என்றார். வில்சன் ஒரு ஆப்பிளை வரைந்தார். அதன் நடுவே, விதை இருக்கவேண்டிய இடத்தில், ஒரு படிகக் கனசதுரம். ஊருக்கு நடுவே உலகத்தையே பிரதிபலிக்கும் ஒரு மையம் வேண்டும் என்பது அவர் விளக்கம். கோயிலை நடுவில் வைத்து ஊர் கட்டிய நமக்கு இந்த ஆப்பிள் சட்டென்று புரியும்.

1965-ல் பட்டம் வாங்கினார். அந்த வருடங்களில் வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது நாடகம் அல்ல. மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். இரும்பு நுரையீரல் என்று சொல்லும் மூச்சுக்கருவிக்குள் படுத்தபடுக்கையாகக் கிடந்த நோயாளிகளை வைத்து ஒரு நடனம் அமைத்தார். அவர்களால் அசைக்க முடிந்தது வாயை மட்டுமே. வாயால் கவ்வி ஆட்ட, இருட்டில் ஒளிரும் நாடாக்களைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியின் துப்புரவுத் தொழிலாளி மிஸ் அமெரிக்கா வேஷம் போட்டுக்கொண்டு நடுவே ஆடினார். கழுத்துக்குக் கீழே அசையாதவர்களுக்கும் ஒரு நடனம் உண்டு என்று கண்டுபிடித்தவருக்குப் பிறகு மேடையில் எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்ற கணக்கு மாறிப்போகாதா?

பார்வையால் யோசித்த பையன்

1967. நியூஜெர்சியின் சம்மிட் நகரில் தெருவோரம் ஒரு போலீஸ்காரர் ஒரு கறுப்பினச் சிறுவனைத் தடியால் அடிக்க ஓங்குவதை வில்சன் பார்த்தார். குறுக்கே விழுந்து தடுத்தார். பையன் வாயிலிருந்து வந்த சத்தம் காது கேளாதவர் எழுப்புகிற சத்தம் என்று அவருக்குப் பட்டது. ரேமண்ட் ஆண்ட்ரூஸ் என்பது பையன் பெயர். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை, பள்ளிக்கூடம் போனதில்லை. சொற்கள் தெரியாததால் அவனுக்கு அறிவே இல்லை என்று முடிவு கட்டி, காப்பகத்தில் அடைக்கப் பார்த்தார்கள். வில்சன் கோர்ட் படியேறி அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். கல்யாணமாகாத, நிலையான வருமானமில்லாத, முப்பது வயதுகூட ஆகாத ஓர் ஆள்.

ரேமண்ட் படங்களாக யோசித்தான். படம் வரைந்து காட்டினான். மற்றவர்கள் கவனிக்காத கை அசைவை, முகச்சுளிப்பை அவன் கவனித்தான். அந்தப் படங்களும் அவன் கனவுகளும் சேர்ந்து உருவானதுதான் 'டெஃப்மேன் கிளான்ஸ்'. 1970 கடைசியில் அயோவாவில் முதலில் மேடையேறியது. சுமார் ஏழு மணி நேரம், ஏறக்குறைய ஒரு சொல்கூட இல்லாமல்.

அதன் தொடக்கக் காட்சி நவீன நாடக வரலாற்றில் ஒரு மைல்கல். கறுப்பு உடையணிந்த ஒரு பெண், ஷெரில் சட்டன் என்ற நடிகை, முதுகைக் காட்டி நிற்கிறாள். மெல்லத் திரும்புகிறாள். குவளையில் பால் ஊற்றுகிறாள். குழந்தையிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். குழந்தை குடிக்கிறது. திரும்பி வந்து கத்தியை எடுத்துத் துடைக்கிறாள். அதே நிதானம், அதே கனிவு. குழந்தையைக் குத்துகிறாள். மறுபடி பால், மறுபடி அடுத்த குழந்தை. மூத்த பையன் ஒருவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அது ரேமண்ட்.

கொலைக்காட்சியை வேகமாகக் காட்டினால் திடுக்கிட்டு மறந்துவிடுவோம். இப்படி நிதானமாகக் காட்டும்போது பால் கொடுத்த கையும் கத்தி பிடித்த கையும் ஒன்றுதான் என்பது உறைக்கிறது. இதற்கு ஒரு மூலம் உண்டு. டேனியல் ஸ்டெர்ன் என்ற உளவியல் ஆய்வாளர், அழும் குழந்தையைத் தாய் வாரி எடுப்பதைப் படமெடுத்து, நொடிக்கு 24 படம் வீதம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். ஓடும் படத்தில் அன்பாகத் தெரிந்த தாய், நிறுத்திப் பார்த்தால் ஒரு கணம் குழந்தைமேல் பாய்கிறாள், குழந்தை மிரள்கிறது, அடுத்த கணமே வேறொரு முகம். படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்தத் தாய்மார்களே அதிர்ந்துபோனார்கள். வில்சன் இதைக் கடைசிவரை மேடைதோறும் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக அசைவது அலங்காரம் அல்ல, பூதக்கண்ணாடி என்பது அவர் கற்ற பாடம்.

1971-ல் நாடகம் பிரான்சுக்குப் போயிற்று. பாரிஸில் பார்த்த கவிஞர் லூயி அரகோன் பத்திரிகையில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். யாருக்கு? ஐந்து வருடம் முன்பே செத்துப்போன ஆந்த்ரே பிரெத்தோனுக்கு. சர்ரியலிசத்தைத் தொடங்கிய கூட்டாளிகள் அவர்கள். 1930-களில் அரசியலால் பிரிந்து, ஜென்மப் பகையாகிப் போனவர்கள். நாம் கனவு கண்டது நமக்குப் பிறகு இந்த அமெரிக்கப் பையன் கையில் நடந்துவிட்டது என்பது கடிதத்தின் சாரம். செத்த நண்பனோடு சமாதானம் பேச ஒரு நாடகம் காரணமானது என்பது எந்த விருதையும்விடப் பெரிது. பாரிஸ் உடனே வில்சனைத் தூக்கிக்கொண்டது. சொந்த நாடான அமெரிக்காவுக்கு இன்னும் பல வருடம் பிடித்தது.

மலைமேல் ஏழு நாள்

1972-ல் ஈரானின் ஷிராஸ் கலைவிழா அழைத்தது. ஹஃப்ட் தன் என்ற மலைச்சரிவில் 'கா மவுண்டன்' நடந்தது. 168 மணி நேரம். நாளுக்கு நாள் ஆட்டம் மலையில் மேலேறிக்கொண்டே போனது. பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், தூங்கினார்கள், போனார்கள், திரும்பி வந்தார்கள். கூத்துக் களரியில் பாய் விரித்துப் படுத்து, கட்டியங்காரன் குரலுக்கு விழித்து, மறுபடி கண்ணயர்ந்து, விடிகாலையில் துரியோதனன் படுகளத்துக்கு எழுந்து உட்கார்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது வினோதமே இல்லை. நியூயார்க் விமர்சகர்களுக்குத்தான் தலை சுற்றியது. அந்த விழா ஈரான் மன்னர் ஷாவின் அரண்மனை ஆதரவில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுமைக் கலைக்கு எண்ணெய்ப் பணத்தை வாரிக் கொடுத்த அதே ஆட்சி, எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த முரண்பாட்டை வில்சன் தன் மேடையில் தொடவில்லை.

அடுத்த வருடம் புரூக்ளினில் 'ஜோசப் ஸ்டாலினின் வாழ்வும் காலமும்'. இரவு ஏழு மணிக்குத் தொடங்கிக் காலை ஏழு மணிக்கு முடிந்தது. மறுவருடம் பிரேசிலுக்குக் கொண்டுபோனபோது ராணுவ ஆட்சி ஸ்டாலின் பெயரைப் போஸ்டரில் அனுமதிக்காது என்று தெரிந்தது. தலைப்பை 'டேவ் கிளார்க்கின் வாழ்வும் காலமும்' என்று மாற்றிவிட்டு அதே நாடகத்தைப் போட்டார்கள். தணிக்கை அதிகாரிகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்திருக்குமா என்ன?

இந்தச் சமயத்தில்தான் பழைய பேராசிரியர் ஒருவர் வில்சனிடம் ஒரு ஒலிநாடாவைக் கொடுத்தார். கிறிஸ்டோஃபர் நோல்ஸ் என்ற பதின்ம வயதுப் பையனின் குரல். ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிக்கொண்டே போகிறான். டாக்டர்கள் அவனை மூளைக் கோளாறு என்று வகைப்படுத்தி ஒரு சிறப்புப் பள்ளியில் விட்டிருந்தார்கள். இன்று ஆட்டிசம் என்போம். வில்சனுக்கு அது கோளாறாகக் கேட்கவில்லை, கணக்காகக் கேட்டது. ஸ்டாலின் நாடகத்தின்போது பையனை அழைத்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் ஏற்றிப் பேசவிட்டார். பிறகு பள்ளியிலிருந்து வெளியே கொண்டுவந்து தன் குழுவோடு சேர்த்துக்கொண்டார். ரேமண்டிடம் படத்தைக் கற்றவர் நோல்ஸிடம் சொல்லைக் கற்றார்: பொருளுக்காக அல்ல, ஓசையாகவும் அடுக்காகவும் நிற்கிற சொல். நோல்ஸ் பின்னாளில் தன் பெயரிலேயே அறியப்பட்ட கவிஞர், ஓவியர் ஆனார் என்பதால்தான், ஊனத்தைக் காட்சிப்பொருளாக்கினார் என்று வில்சன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

காந்தியா, ஐன்ஸ்டைனா?

ஃபிலிப் கிளாஸ் அப்போது டாக்ஸி ஓட்டியும் குழாய் வேலை பார்த்தும் இசை எழுதிக்கொண்டிருந்தார். அவரும் வில்சனும் வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டில் சந்தித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதரை வைத்து ஓப்பரா செய்யலாம் என்பது திட்டம். வில்சன் சாப்ளின் என்றார், ஹிட்லர் என்றார். கிளாஸ் காந்தி என்றார். இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஐன்ஸ்டைனில் உடன்பட்டார்கள். காந்தியைக் கிளாஸ் விட்டுவிடவில்லை. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தை வைத்து 1980-ல் 'சத்தியாகிரகா' என்ற ஓப்பராவை, கீதையின் சமஸ்கிருத வரிகளிலேயே பாடும்படி, தனியாக எழுதினார்.

'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' 1976 ஜூலை 25 அன்று பிரான்சின் அவீஞோனில் அரங்கேறியது. முதலில் வந்தவை வில்சனின் கரிக்கோட்டுச் சித்திரங்கள். அவற்றைப் பியானோமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு கிளாஸ் இசை அமைத்தார். கதை கிடையாது. ஐன்ஸ்டைன் பிறந்து வளர்ந்த விவரம் எதுவும் கிடையாது. ஒரு ரயில், ஒரு நீதிமன்றம், ஒரு விண்கலம், இவை திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோரும் ஐன்ஸ்டைன் படத்தில் இருப்பது போல வெள்ளைச் சட்டை, தோள்பட்டி வைத்த கால்சட்டை. ஐன்ஸ்டைன் வேஷத்தில் ஒருவர் மேடைக்கும் வாத்தியக் குழுவுக்கும் இடையே உட்கார்ந்து வயலின் வாசிக்கிறார். பாடகர்கள் பாடுவது வெறும் எண்கள், அல்லது நம் ச-ரி-க-ம போன்ற மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள். தாளக்கணக்கு தப்பாமல் இருக்க ஒத்திகையில் எண்களைப் பாடிப் பழகினார்கள், பிறகு அதுவே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நமது ஜதியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் அதிசயமில்லை. நோல்ஸ் எழுதிய வசனப் பகுதியில் ஒரு வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர் அட்டவணைகூட வருகிறது.

இடைவேளையில்லாத ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேண்டும்போது எழுந்துபோய் வரலாம். கடைசிப் பகுதியில் ஒரு காட்சி: இருண்ட மேடையில் கிடையாகக் கிடக்கும் ஒரு நீண்ட வெளிச்சப் பட்டை. அது மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்து செங்குத்தாகி, பிறகு மேலே எழும்பி மறைகிறது. ஆள் யாரும் இல்லை. 2014-ல் பாரிஸில் எடுத்த பதிவில் இந்தக் காட்சியைச் செல்போனைத் தொடாமல் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை, பட்டை பாதி நிமிர்ந்தபோது, அது அசைகிறதா இல்லையா என்பதே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

1976 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்குப் பிடித்து இரண்டு காட்சிகள் போட்டார்கள். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அப்படியும் பெருங்கடன் மிஞ்சியது. கிளாஸ் மறுபடி டாக்ஸி ஓட்டப் போனார். வண்டியில் ஏறிய ஓர் அம்மாள் டிரைவர் பெயரைப் பார்த்துவிட்டு, தம்பி, உங்களுக்கு ஒரு பிரபல இசையமைப்பாளரின் பெயர் என்று சொன்ன கதையைக் கிளாஸே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கா வில்சனுக்குக் கைகொடுக்காததற்குக் காரணம் ரசனை மட்டும் அல்ல, கணக்கு. டிக்கெட் வசூலையும் தனவந்தர் நன்கொடையையும் நம்பிய அமெரிக்க அரங்குகளால் அவர் கேட்ட ஒத்திகை நாட்களைத் தர முடியாது. ஜெர்மனியின் அரங்குகளை அரசு பராமரிக்கிறது. நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஆகவே பெர்லினும் ஹாம்பர்க்கும் அவர் வீடாயின. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் கலைவிழாவுக்காக 'த சிவில் வார்ஸ்' என்ற மாபெரும் படைப்பைத் துண்டுதுண்டாக ராட்டர்டாம், கொலோன், ரோம், டோக்கியோ, மார்சேய், மினியாபோலிஸ் நகரங்களில் தயாரித்தார். எல்லாம் சேர்த்து ஒரே நாளில் காட்டப் பணம் போதவில்லை, விழாவில் அது ரத்தானது. 1986-ல் புலிட்சர் நாடகப் பரிசுக்கு நடுவர்கள் ஒருமனதாக அதையே சிபாரிசு செய்தார்கள். பரிசுக் குழு மறுத்தது. அந்த ஆண்டு நாடகத்துக்குப் பரிசே இல்லை. முழுதாக யாரும் பார்த்திராத நாடகத்துக்கு, யாருக்கும் கொடுக்கப்படாத பரிசு.

அவர் வேலை செய்த விதம் நடிகர்களைப் பைத்தியமாக்கும். முதலில் வசனமே கிடையாது. சித்திரங்கள், அசைவுகள், அடிகளின் எண்ணிக்கை. இந்த எண்ணில் கை, அந்த எண்ணில் தலை. அது முழுதும் மனப்பாடமான பிறகுதான் பேச்சும் இசையும் ஏறும். கதாபாத்திரம் ஏன் இதைச் செய்கிறது என்று கேட்கக்கூடாது. அர்த்தம் பார்க்கிறவர் வேலை என்பார். வெளிச்சத்தை அவர் கடைசியில் பூசுகிற அலங்காரமாகக் கருதவில்லை, அதிலிருந்துதான் தொடங்குவார். ஒரு கைக்கு மட்டும் தனி ஒளி, முகத்துக்குத் தனி ஒளி, பின்திரைக்குக் குளிர்ந்த நீலம். ஒரு விரல் நுனிக்கு வெளிச்சம் சரியாக விழ மொத்தக் குழுவும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். 1986-ல் ஜெர்மன் நாடகாசிரியர் ஹைனர் முல்லரின் 'ஹாம்லெட்மெஷின்' நாடகத்தில் ஒரே அசைவுத் தொடரைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, ஒவ்வொரு முறையும் மேடைப்படத்தையே 90 டிகிரி திருப்பினார். ஒரே வீட்டை நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்ப்பது போல. படித்த கட்டடக்கலை வீண்போகவில்லை.

இவ்வளவு இறுக்கத்துக்கு நடுவே ஒரு கொண்டாட்டமும் நிகழ்ந்தது. 1990, ஹாம்பர்க்கின் தாலியா அரங்கில் 'த பிளாக் ரைடர்'. இசை டாம் வெய்ட்ஸ், வசனம் வில்லியம் பரோஸ். ஒரு பழைய ஜெர்மன் கதை: காதலியை அடையக் குறிபார்த்துச் சுடத் தெரிந்திருக்க வேண்டும். குமாஸ்தா மாப்பிள்ளைக்குத் தெரியாது. சாத்தானிடம் மந்திரத் தோட்டாக்கள் வாங்குகிறான். எல்லாம் குறி தப்பாது, ஆனால் ஒன்று மட்டும் சாத்தானுடையது. அது கல்யாணப் பெண்ணைத் துளைக்கிறது. இதை எழுத வில்சன் தேர்ந்தெடுத்த பரோஸ், 1951-ல் மெக்சிகோவில் குடிபோதை விளையாட்டில் தன் மனைவியைச் சுட்டுக் கொன்றவர். கதைக்கு ஏற்ற எழுத்தாளரா, எழுத்தாளருக்கு ஏற்ற கதையா என்று பிரித்துப் பார்க்க முடியாத கூட்டு அது. வெய்ட்ஸின் கரகரத்த, சர்க்கஸ் வாடை அடிக்கும் பாட்டுகள் வில்சனின் பளிங்கு மேடைக்குச் சேற்றுக்காலோடு ஏறி வந்தன. அவருக்கு அந்தச் சேறு தேவைப்பட்டது.

ஏனென்றால் பிந்தைய வில்சன் பல சமயம் ரொம்பச் சுத்தம். வெள்ளை பூசிய முகம், நீலத் திரை, மெல்லிய நிழலுருவம். எந்த நாட்டில், எந்த நாடகத்தைக் கொடுத்தாலும் அதே வீட்டுக்கு அதே சுண்ணாம்பு. 1993-ல் பாரிஸ் ஓப்பராவுக்குச் செய்த 'மதாம் பட்டர்ஃப்ளை' பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப மேடையேறுகிறது, அழகுதான். பாப் பாடகி லேடி காகாவைப் பழைய ஓவியங்களின் கோலத்தில் அசையாமல் நிறுத்தி வைத்து எடுத்த வீடியோ ஓவியங்கள் 2013-ல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொங்கின, அவையும் அழகுதான். ரேமண்டும் நோல்ஸும் இருந்த இடத்தில் இப்போது ஒரு முத்திரை இருந்தது என்பதுதான் குறை.

இந்தோனேசியக் காவியம் ஒன்றைத் தொட்டபோது அந்த முத்திரை கொஞ்சம் தடுமாறியது, நல்லதற்காக. தெற்கு சுலவேசியின் புகிஸ் மக்களுடைய 'லா கலிகோ' உலகின் மிக நீண்ட காவியங்களில் ஒன்று. அதை 2004-ல் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் அரங்கில் வில்சன் மேடையேற்றினார். இசை ரஹாயு சுபங்கா. ஆண், பெண் என்ற இரண்டு பிரிவிலும் அடங்காத பிஸ்ஸு என்ற பூசாரி மரபைச் சேர்ந்த புவாங் மாத்தோவா சைதி என்பவரே மேடையோரம் அமர்ந்து காவியத்தை ஓதினார். வேற்று நாட்டுக்காரர் எங்கள் காவியத்தை நீல வெளிச்சத்தில் முக்குகிறார் என்ற முணுமுணுப்பு இந்தோனேசியாவில் எழத்தான் செய்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த ஓதல் வில்சனின் கணக்குக்குள் அடங்காமல் தன் போக்கில் ஒலித்தது.

சம்பாதித்ததையெல்லாம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கொட்டினார். வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியின் பழைய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை வாங்கி, 1992-ல் வாட்டர்மில் மையத்தைத் தொடங்கினார். கோடைதோறும் பல நாட்டு இளம் கலைஞர்கள் அங்கே வந்து தங்குவார்கள். நாடகமும் செய்ய வேண்டும், தோட்டமும் கொத்த வேண்டும், சமையலும் பார்க்க வேண்டும், துடைப்பமும் பிடிக்க வேண்டும். நம்மூர்க் குருகுலம்தான், பேர்தான் வேறு.

2009-ல் இத்தாலியின் ஸ்பொலெட்டோவில் வில்சன் தானே தனியாக மேடையேறினார். சாமுவேல் பெக்கெட்டின் 'கிராப்ஸ் லாஸ்ட் டேப்'. ஒரு கிழவன் தன் இளவயதுக் குரலை ஒலிநாடாவில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நாடகம். பெரும் இடி இடித்து, மழைச்சத்தம் அரங்கை நிறைக்க, வெகுநேரம் அவர் வாயே திறக்கவில்லை. வேக்கோவில் வாய் திக்கிய பையன் முதல் சொல்லைச் சொல்வதற்குக் கூட்டம் காத்திருந்தது. இந்த முறை அவருக்கு அவசரமில்லை.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு, 2025 ஏப்ரலில், மிலான் நகரில் கடைசி வேலைகளில் ஒன்றைச் செய்தார். மைக்கேலாஞ்சலோ சாகும்வரை செதுக்கிக்கொண்டிருந்து முடிக்காமல் விட்ட 'ரொண்டனினி பியெத்தா' அங்குள்ள பழைய கோட்டையில் இருக்கிறது. மகனின் சடலத்தைத் தாங்கி நிற்கும் தாய். பாதி உடல்தான் கல்லிலிருந்து வெளியே வந்திருக்கிறது. முந்தைய முயற்சியில் செதுக்கிய ஒரு கை, உடலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. ஆர்வோ பார்ட்டின் இசை ஒலிக்க, ஏறக்குறைய அரை மணி நேரம், வில்சன் அந்தச் சிலைமேல் வெளிச்சத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் இருட்டு. பிறகு அந்தத் தனிக் கை.